காலடிப்பேட்டை மாடி ரூம்

கவர்னர் ஜோசப் காலட் 18ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் காலடிப்பேட்டை. அங்கே மொட்டைமாடியில் ஒற்றை அறை எடுத்தேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின், "ஸ்டேஷன் பக்கத்துலயே" என்பதற்கும் சேர்த்துத்தான் வாடகை. எனக்கு ஐ.டி. வேலை, பேரம் பேசவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை, முன்பு குடியிருந்த அக்கா விட்டுப்போன அன்னக்கூடையை எடுக்க வந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்.

"வாடகை ஏத்திட்டாங்க, எண்ணூர் பக்கம் போயிட்டேன் தம்பி. இப்போ ராத்திரி ரெண்டு மணிக்கே கெளம்பணும்." பிறகு கேட்டார்: "நீ எவ்ளோ தர்ற?"

ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொன்னேன். அதற்கே அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தண்ணிய காலைல ஆறு மணிக்குள்ள பிடிச்சிரு, அப்புறம் வராது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆறு மணிக்குள் பிடித்துவிடுகிறேன்.