புகையின் சுவை

நம் வீடுகளில் பாலில் புகைநாற்றம் ஏறிவிட்டால் அது குற்றம். விறகடுப்பு இருந்த காலத்தில் பால் காய்ச்சும்போது ஈரவிறகைத் தள்ளிவைப்பார்கள். தப்பித் தவறிப் புகை பிடித்துவிட்டால் அந்தப் பாலைக் காப்பிக்கு எடுக்காமல் உறைகுத்திவிடுவதுண்டு. அதே வீட்டில் சுட்ட கத்தரிக்காயின் புகைமணத்தையும் அனலில் வாட்டிய பனங்கிழங்கையும் கருப்பட்டியின் அடிநாக்கில் தங்கும் கருகல் வாசத்தையும் யாரும் குற்றம் சொல்வதில்லை. எந்தப் பண்டத்தில் புகை நிற்கலாம், எதில் நிற்கக்கூடாது என்பதற்கு ஒவ்வொரு நிலத்திலும் எழுதப்படாத இலக்கணம் ஒன்று இருக்கிறது. உலகம் ஏறக்குறைய முழுவதும் பீரிலிருந்து புகையை விலக்கிவிட்ட பிறகும் அதை விலக்க மறுத்த ஊர் ஒன்றுண்டு. தெற்கு ஜெர்மனியில், பவேரியாவின் வடபகுதியான ஃபிராங்கோனியாவில் உள்ள பாம்பெர்க்.

2023 செப்டம்பரில் ஒரு கருத்தரங்கின் பொருட்டு ஜெர்மனி சென்றிருந்தபோது அங்கே போக வாய்த்தது. அழைத்துச் சென்றவன் என் பழைய மாணவன். இயற்பியல் படித்தவன், பகுதி ஒன்று தமிழுக்கு மட்டும் என் வகுப்பில் இருந்தவன். இப்போது நியூரம்பெர்க்கில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். "அய்யா, உங்களுக்குக் காட்ட ஒரு இடம் இருக்கு" என்றான். தேவாலயம் எதையோ காட்டப் போகிறான் என்றே எண்ணியிருந்தேன். பாம்பெர்க்கின் பழைய நகரம் 1993இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. குன்றின்மேல் நான்கு கோபுரங்களோடு பேராலயம் நிற்கிறது. அவன் அதற்கு ஏறாமல், குன்றின் அடிவாரத்துத் தெருவொன்றில், மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீட்டின் முன் நின்றான். ஷ்லெங்கர்லா மதுச்சாலை.

இந்த வீடு 1405ஆம் ஆண்டு ஆவணத்திலேயே நீலச் சிங்கம் என்ற பெயரில் வருகிறது. ஷ்லெங்கர்லா என்பது பின்னாளில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். கைகளை வீசி ஆட்டி, சற்றே தள்ளாடி நடந்த முன்னாள் உரிமையாளர் ஒருவரை ஊர் மக்கள் கேலியாக அழைத்தது. கேலியே கடைசியில் பெயர்ப்பலகை ஆயிற்று. (நம் ஊர்களில் நொண்டியார் கடை என்று பெயர் நிலைத்துவிடுவதைப் போல. பட்டப்பெயர் வைப்பதில் மனித குலம் ஒன்றுதான்.)

உள்ளே தாழ்ந்த மர உத்தரங்கள், புகையும் காலமும் கருக்கிய பலகைகள், துணி விரிக்காத நீண்ட மேசைகள். இடம் கிடைத்த மேசையில் முன்பின் அறியாதவர் அருகே அமர்ந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு எதிரே ஒரு முதிய தம்பதியர் வெங்காயத்தினுள் இறைச்சி அடைத்துச் சமைத்த பண்டத்தைப் பகிர்ந்து உண்டுகொண்டிருந்தனர். அடுத்த மேசையில் ஒரு குடும்பம்; குழந்தை படம் வரைந்துகொண்டிருந்தது. குடிக்கும் இடத்தில் பாட்டியையும் பேத்தியையும் பார்த்துப் பழகாத கண்களுக்கு இது முதலில் ஒரு காட்சிப் பிழையாகவே பட்டது.

பீர் மரப்பீப்பாயிலிருந்து நேரே பிடிக்கப்பட்டு வந்தது. அரை லிட்டர், அவ்வூர் வழக்கில் 'சைட்லா'. நிறம் கருப்பட்டிப் பாகு. மேலே நுரை. வாயருகே கொண்டு போகும்போதே புகை. அடுப்பங்கரைக் கதவைத் திறந்தது போன்ற புகை. ஒரு மிடறு விழுங்கியதும் என்னை அறியாமல் மூக்கைச் சுளித்திருக்க வேண்டும். எதிரே இருந்த முதியவர் சிரித்து மூன்று விரல்களைக் காட்டினார். மூன்று சைட்லா குடித்தால்தான் இது பிடிபடும் என்பது இங்கே பழமொழி என்று மாணவன் மொழிபெயர்த்தான்.

இதன் முறை இதுதான். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை மேலும் வளராதபடி உலர்த்த வேண்டும். முற்காலத்தில் வெயில் குறைந்த அந்நிலங்களில் விறகுத் தீயின்மேல் உலர்த்தினார்கள். ஆகவே ஒரு காலத்தில் பெரும்பாலான பீர்களில் ஓரளவு புகை இருந்தே தீர்ந்தது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் புகையில்லாத கல்கரி வந்தது. பிறகு புகை தானியத்தைத் தொடாமல் வெப்பக்காற்று மட்டும் செல்லும் உலைகள் பரவின. புகை ஒரு குறையாகி, பின் மறதியாயிற்று. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாவும், 1536 முதல் இருந்துவரும் ஷ்பெட்சியாலும் மட்டும் இன்றளவும் தம் முளைதானியத்தைத் தாமே பீச் மர விறகின் புகையில் உலர்த்துகின்றன. மற்றவர்கள் முன்னேறிச் சென்ற இடத்தில் இவர்கள் நின்றுவிட்டார்கள்; நின்றதே தனிச்சிறப்பாயிற்று.

இன்னொன்று. இது லாகர். கிடங்கில் இட்டு வைத்தல் என்ற பொருளுடைய ஜெர்மன் சொல்லின் வழி வந்த பெயர்; குளிர்ந்த நிலவறையில், தாழ்ந்த வெப்பத்தில், பொறுமையாக நொதிப்பது. 'மெர்ட்சன்' என்னும் இந்த வகைக்கு மார்ச் மாதத்தின் பெயர். கோடையில் வடித்தால் கெட்டுப்போகிறது என்பதால் பவேரியாவில் 1553இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை வடிப்பதற்கே தடை விதித்தார்கள். மார்ச்சில் வடித்துக் குளிர்ச்சியில் வைத்ததைக் கோடை முழுதும் குடித்தார்கள். லாகரை நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று எது என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்து, 2011இல் தென்னமெரிக்காவின் பட்டகோனியக் காடுகளில், தெற்குப் பீச் எனப்படும் மரங்களில் கண்டறியப்பட்டது. பாம்பெர்க் எரிக்கும் பீச் மரமும் அதுவும் வேறு வேறு குடும்பம் என்று தாவரவியலார் சொல்லிவிடுவார்கள். இருந்தும் பெயர்ப் பொருத்தத்தை விட மனமில்லை, தமிழாசிரியனின் பலவீனம்.

என் முன்னால் கோப்பை இருந்தது. மாணவன் முன்னால் வாயு நிரப்பிய தண்ணீர். ஆசிரியர் எதிரே குடிக்கக் கூசுகிறான் என்று நினைத்து, "எனக்காக வேண்டாம், நீயும் வாங்கிக்கொள், தம்பி" என்றேன். "அதில்லய்யா. நான் தொடுறதே இல்ல" என்றான். பிறகு, "2009ல உங்க வகுப்புல ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பெரும்பாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தேன். வலைஞர் குடியில் அரிசியைக் கூழாக்கி ஆறவைத்து, முளைதானியத்தை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விரலால் அலைத்துப் பிழியும் மதுவை உருத்திரங்கண்ணனார் வருணிக்கும் பகுதி. தமிழில் நொதிக்கும் முறையை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன வேறு இடம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அன்றும் அந்த உற்சாகத்தில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து எழுந்து அவன் கேட்டான்: "கள்ளை இப்படிப் பாடியிருக்குறதை நாங்க எதுக்கய்யா படிக்கணும்?" அவன் தந்தை குடித்தே இறந்து அப்போது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எனக்குத் தெரியாது. அந்த மது வேறு, அந்த வாழ்வு வேறு, விருந்தோம்பலின் பகுதி அது என்று ஏதோ விளக்கினேன். அவன் அமர்ந்துகொண்டான்.

"வேற வாழ்க்கைன்னு சொன்னீங்க. அது எப்படி இருக்கும்னு இங்க வந்த பிறகு எனக்குப் பாக்கத் தோணிச்சு. ரெண்டு மூணு தடவை சும்மா வந்து உக்காந்து பாத்திருக்கேன். அதான் உங்களையும் கூட்டிட்டு வந்தேன்."

எதிர்மேசைக் குழந்தை வரைந்த படத்தைத் தாத்தா ஒருவரிடம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியைக் கொண்டு என் பழைய விடையை மெய்ப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசை எழுந்தது. ஆனால் ஜெர்மனியிலும் குடியால் அழிந்த வீடுகள் உண்டு. அவை இந்த மேசைகளில் வந்து அமர்வதில்லை, அவ்வளவே. வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது சைட்லா வந்தது. முதியவர் காட்டிய விரல்களில் உண்மை இல்லாமல் இல்லை. புகை பின்னுக்குப் போய், தானியத்தின் இனிப்பு முன்னே வந்தது. அதன்பின் மெல்லிய கசப்பு. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு அதைக் கேட்பதை நிறுத்திக்கொள்வதுதான் காரணம். கடைக்காரருக்கு மூன்று கோப்பை விற்கும் சாமர்த்தியமும் அப்பழமொழியில் இருக்கத்தான் இருக்கிறது. என் அளவு இரண்டோடு நின்றது. அதுவும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

மீதியிருந்த கோப்பையை அவன் தன் பக்கம் இழுத்தான். குடிக்கப் போகிறானோ என்று திடுக்கிட்டேன். முகர்ந்து மட்டும் பார்த்தான். நெடுநேரம்.

"அய்யா, எங்க அப்பா மேல வர்ற வாடை இதுல இல்ல. எங்க தாத்தா விடிலியில கருப்பட்டி காய்ச்சுத வாடை இது."

உடன்குடிப் பக்கத்துப் பையன் அவன். பனையேறிய தாத்தா. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். தாத்தா சுண்ணாம்பு தடவ மறந்ததே இல்லை என்று அவன் பாட்டி பெருமையாகச் சொல்வாளாம். அதே மரத்தின் கீழ் வளர்ந்த மகன் கடையில் விற்கும் சீசாவைத் தேடிப் போனான். பனையோலை எரித்த புகை படிந்த விடிலியின் கூரையைப் பற்றி, பாகு பதம் வரும் நேரத்தில் சிரட்டையில் ஊற்றித் தரும் கூப்பனியைப் பற்றி, அன்று மாலை அவன் நிறையப் பேசினான். தந்தையைப் பற்றியும் முதன்முறையாகக் கொஞ்சம் பேசினான்: நல்ல குரல், ஊர்த் திருவிழாவில் பாடுவார், சைக்கிளில் முன்னால் உட்கார்த்தி மணப்பாட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்.

பணிப்பெண் வந்து கோப்பையின் கீழிருந்த அட்டையில் போட்டிருந்த கோடுகளை எண்ணினார். இரண்டு. கோப்பை பாதிக்கு நிறைந்திருப்பதைப் பார்த்து அவர் ஏதோ சொல்ல, மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "மூணாவதுக்கு அடுத்த தடவை வரச் சொல்லுதாங்க" என்று சொல்லிவிட்டு, நான் பையைத் திறப்பதற்குள் அவனே பணத்தைக் கொடுத்துவிட்டான்.