கன்ட்ரோல் க்யூ

கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "அண்ணே, கர்வ் பண்றதுக்கு என்ன கீ?"

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. இருபது வருடமாக அழுத்துகிற கீ. இடது கையை மேஜை விளிம்பில் வைத்து அழுத்திப் பார்த்தேன். சுண்டுவிரல் கீழே இறங்கியது, பக்கத்து விரல் மேலே எட்டியது. "கன்ட்ரோல் க்யூ" என்றேன், விரலைப் பார்த்துப் படித்து.

கோரல்டிராவில் தமிழ் வேலை பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய கீ கிடையாது. நம் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் மணமக்கள் பெயர் டாலர் குறியும் ஆச்சரியக்குறியுமாக நிற்கும். அதனால் ஃப்ளெக்ஸுக்கு அனுப்புமுன் எழுத்தையெல்லாம் கோடாக்கிவிட வேண்டும்; அதுதான் கர்வ். கோடான பிறகு அது எழுத்தல்ல, படம். பிழை இருந்தாலும் தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'சிறப்பு' 'சிரப்பு' ஆகிப்போய், 'பெற்றோர்' என்பதிலிருந்து ஒரு 'ற'வை நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கன்ட்ரோல் கே கொடுத்துச் சொல்லை உடைக்க வேண்டும். உடைத்ததும் 'சி'யின் வயிற்றுத் துளையெல்லாம் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். இரண்டு துண்டையும் பிடித்துக் கன்ட்ரோல் எல் கொடுத்தால் கண் திறந்தாற்போல் துளை திறக்கும். இன்றும் எனக்கு அது சின்ன சந்தோஷம்.

இந்தக் கையோடு இல்லஸ்ட்ரேட்டருக்குப் போனதுதான் வினை. அங்கே கன்ட்ரோல் க்யூ என்றால் கடையைச் சாத்து என்று அர்த்தம். வேலை முடிந்த திருப்தியில் கர்வ் பண்ணப் போவேன். "சேவ் பண்ணவா?" என்று கேட்டுக்கொண்டே மென்பொருள் வாசலில் நிற்கும்.

கீக்கு எழுத்து ஒதுக்கியவர்கள் சொல்லின் முதலெழுத்தை மட்டும் பார்க்கவில்லை. 1983இல் வந்த ஆப்பிளின் லிசா கணினியிலேயே இசட், எக்ஸ், சி, வி நான்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துவிட்டன. ஒட்டுவதற்கு 'வி' எதற்கு? 'சி'க்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். கைக்கு எட்டுவதே இலக்கணம்.

என் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் இதில் என்ன அதிசயம் என்று கேட்டிருப்பார். அவர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். இடது கையில் ஸ்டிக், வலது கை கேஸ்மேல் பறக்கும், கண் கையெழுத்துப் பிரதியைவிட்டு நகராது. அடிக்கடி வருகிற எழுத்துகள் கைக்குப் பக்கத்து அறைகளில், எப்போதாவது வருபவை ஓரத்தில். "லை எங்க இருக்கு பெரியப்பா?" என்று வீட்டில் வைத்துக் கேட்டால் சொல்லத் தெரியாது. எழுந்து நின்று, கையைக் காற்றில் நீட்டி, "இந்தா, இங்க" என்பார்.

அந்த 'லை' துதிக்கை வைத்த பழைய லை, ஒரே அச்சு. 1978இல் அரசாணை வந்தது. பெரியார் 1935இலேயே குடிஅரசில் புழங்கவிட்ட மாதிரி, ணா, றா, னா, துதிக்கை லை என்று 13 எழுத்துகள் மாறின. அச்சகத்தில் அந்த அறைகளைக் காலி செய்தார்கள். இனி லை வேண்டுமானால் 'கை'யில் வருகிற கொம்பை ஒரு அறையிலும் 'ல'வை இன்னொரு அறையிலும் எடுத்துச் சேர்க்க வேண்டும். சீர்திருத்தம் நியாயம் என்று பெரியப்பா டீக்கடையில் வாதாடியே இருக்கிறார். ஆனால் பல மாதம் அவர் விரல் காலி அறைக்கே போய், நகம் மரத்தில் உரசி, வெறுங்கையோடு திரும்புமாம். உரசும்போதெல்லாம் யாரையோ திட்டுவாராம். அரசாங்கத்தையா, விரலையா என்று யாருக்கும் தெரியாது.

என் இல்லஸ்ட்ரேட்டர் கதையைக் கேட்டுப் பையன் சிரித்தான். "கீயை மாத்திக்கலாமேண்ணே" என்று ஏதோ பட்டியலைத் திறந்து, கன்ட்ரோல் க்யூவைக் கர்வுக்கே எழுதி வைத்துவிட்டான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் என் சிஸ்டத்தில் உட்கார்ந்திருந்தவன் கீபோர்டை மூன்று தடவை தட்டிவிட்டுக் கூப்பிட்டான். "அண்ணே, இது மூடவே மாட்டேங்குது."