எஸ்எஸ்டி மேல் பழி போடும் முன்

ராஸ்பெர்ரி பை 4-இல் எஸ்எஸ்டி மாட்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பலகை, திடீரென்று எதையும் சேமிக்க விடாது. 'ரீட்-ஒன்லி' என்று சொல்லி நின்றுவிடும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

உண்மையில் அந்த 'ரீட்-ஒன்லி' நிலை ஒரு தற்காப்பு. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலில் எழுத முடியாமல் போனால், மேலும் கெடாமலிருக்க எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தன்னையே பூட்டிக்கொள்கிறது.

அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து நான் சேமித்திருந்த பலகைக்கும் இதுவே நேர்ந்தது. கெர்னல் பதிவைத் திறந்தேன். முதலில் மின்னழுத்தம் குறைந்ததாக ஓர் எச்சரிக்கை. அதையடுத்து யுஎஸ்பி இணைப்பு அறுந்த செய்தி. எக்ஸ்ட்4 பிழை அதற்கும் பிறகுதான். காரணம் அந்த வரிசையிலேயே இருந்தது.

இந்தப் பலகையின் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். பலகைக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். செல்போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால், எஸ்எஸ்டி மும்முரமாக எழுதும் நேரத்தில் மின்னழுத்தம் சரியும், 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். நடுவிலிருக்கும் சாட்டா-யுஎஸ்பி கன்வெர்ட்டர் அப்போது கைவிட்டால், எழுதுவது பாதியில் நிற்கும். மின்சாரம் சரியாக இருந்தும் சில கன்வெர்ட்டர்கள் யுஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி பரிமாற்ற முறையில் தடுமாறுவதுண்டு. அவற்றுக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைத்துவிடலாம். வேகம் குறையும், இணைப்பு நிலைக்கும்.

பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை அவசரப்பட்டு ஓட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு எஸ்எஸ்டியையும் நகலெடுக்க வேண்டும். எஃப்எஸ்சிகே கோப்பு முறைமையின் கணக்கைத்தான் நேர்செய்யும், அழிந்ததை மீட்காது. பெயர் இழந்த கோப்புகளை 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில், # குறியோடு வெறும் எண்ணாகப் போட்டுவைக்கும். அப்பாவின் கடிதங்கள் சில அப்படித்தான் கிடைத்தன. எந்த ஆண்டில் எழுதியது என்று ஒவ்வொன்றையும் திறந்து, கடிதத்தின் மேல்மூலையில் அவர் இட்ட தேதியைப் பார்த்துப் பெயர் வைத்தேன்.

தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் வழியாக அதே எஸ்எஸ்டி இன்றும் ஓடுகிறது. புதிது வாங்கப் பணம் எடுக்கும் முன், கெர்னல் பதிவை ஒருமுறை படித்துவிடுங்கள். இழக்க முடியாதவற்றுக்கு இன்னொரு நகலை வேறொரு வட்டில் இன்றே எடுத்துவையுங்கள்.