காய்ச்சல் இல்லாத நியூமோனியா

கார்த்திகை மழை ஓயாத ஒரு காலைப்பொழுது. வட்டுக்கோட்டை வீட்டில், எண்பத்திரண்டு வயதான அம்மா என்னைத் தமது தம்பியின் பெயர்சொல்லி அழைத்தார், கஞ்சியையும் வேண்டாமென்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. முதுமையின் தடுமாற்றம் என்றெண்ணி ஒரு பகலை வீணாக்கினேன். நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்குக் கண்முன்னே நிகழ்ந்தது புலப்படவில்லை.

மாலையில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் வைத்தியர் முதலில் அம்மாவின் மூச்சை எண்ணினார். நிமிடத்திற்கு 32. கதிர்ப்படத்தில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெண்மையாகத் தெரிந்தது. காற்று நிறையவேண்டிய சிற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்திருந்தன. முதியோருக்குக் காய்ச்சலோ இருமலோ இன்றியும் நியூமோனியா வரும் என்றும், மனக்குழப்பம், உணவில் வெறுப்பு, விரைந்த மூச்சு என்பனவே சிலவேளை அதன் அறிகுறிகள் என்றும் அவர் விளக்கினார். ஒட்சிசனும் நுண்ணுயிர்க்கொல்லியும் அம்மாவை மீட்டன. பதினோராம் நாள் வீடு திரும்பினார்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் முதலில் தங்கியது வட்டுக்கோட்டையிலேதான். பின்னர் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் அவர். அந்த மண்ணில் வளர்ந்த எனக்கு ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டில் முதியவர் இருப்பின் இன்புளுவென்சா, நியூமோகொக்கசு தடுப்பூசிகள் குறித்து வைத்தியரிடம் கேளுங்கள். அவர் பேச்சுத் தடுமாறினால் நெற்றியைத் தொடுவதோடு நின்றுவிடாது மூச்சையும் எண்ணுங்கள். ஓய்வாயிருக்கையில் 25ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திராதீர்கள்.