மடிக்குத் தக்க தட்டு

கடந்த ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் ஒருவர், தம் மகளையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சீட்டுப் பணத்தை எடுத்து மடிக்கணினி வாங்கப் போகிறார்கள். கடைக்காரர் இரண்டு காட்டியிருக்கிறார். ஒன்றின் திரை 14 அங்குலம்; மற்றதன் திரை 15.6 அங்குலம். உள்ளிருக்கும் பொறிகள் இரண்டிலும் ஒன்றே. விலையும் ஏறத்தாழ ஒன்றே.

“ஒரே விலைக்குப் பெருசு கெடைக்கும்போது சின்னத எதுக்கு சாமி வாங்கணும்?” என்று கேட்டார் அந்தத் தகப்பனார்.

நியாயமான கேள்விதான். ஆயினும் நாம் உடனே விடை கூறவில்லை. ஏனெனில், மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு யோசியாமல் விடை கூறி, ஒரு பிள்ளையின் படிப்புக்கு ஊறு செய்தவர்கள் நாம்.

அன்று அன்பியங்கள் வீடு வீடாகச் சேர்த்த பணத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஏழை மாணவி ஒருத்திக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுக்க முடிவாயிற்று. கடைக்கு நாமே சென்றோம். நமக்கு வெள்ளெழுத்து வந்து பத்தாண்டுகளாகின்றன. சிறிய திரையில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. பெரிய திரையோ பளிச்சென்று இருந்தது. நம் கண்ணுக்கு நல்லது அவள் கண்ணுக்கும் நல்லதாகவே இருக்கும் என்று எண்ணினோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மக்கள் முன்னிலையில் கொடுக்கப்போகும் பொருள் அது. பெட்டி பெரிதாக இருந்தால் கொடுத்தவர்களுக்கு மனம் நிறையும் என்ற நினைப்பும் நமக்கு இருந்தது. 15.6 அங்குலத்தையே வாங்கினோம். அனைவரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்த முகத்தோடு பெற்றுக்கொண்டாள்.

மறு ஆண்டு பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, அந்தக் கணினியை அவர்கள் வீட்டுப் பீரோவின் மேல் கண்டோம். பழைய சேலை ஒன்றில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். கல்லூரிக்குக் கொண்டுபோவதில்லையா என்று கேட்டோம். அவள் தலை கவிழ்ந்தாள். விடை அவள் தாயிடமிருந்தே வந்தது.

கங்கைகொண்டானிலிருந்து பாளையங்கோட்டை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே அவள் அந்தப் பேருந்தில்தான் போவாள். காலை வேளையில் உட்கார இடம் கிடைக்காது. கணினியின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மின்னேற்றி, புத்தகங்கள், சோற்றுப் பாத்திரம், தண்ணீர் எல்லாம் தனி. அவளிடம் இருந்த பையில் கணினி அடங்கவில்லை. பையின் வாய் மூடவில்லை. இரண்டாம் மாதம் வாரறுந்தது. நெரிசலில் கணினி உடைந்துவிட்டால் ஊராருக்கு என்ன பதில் சொல்வது என்ற அச்சத்தில், அதை வீட்டிலேயே வைத்துவிட்டாள். கல்லூரியில் தோழியின் கணினி ஓயும் நேரத்திற்குக் காத்திருந்தாள். செய்முறைத் தாள் ஒன்றில் தேர்ச்சி பெறவில்லை. தானமாக வந்த பொருளைக் குறை சொல்லலாகாது என்று நம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அத்தாயார் பேசும்போதும் அவர் கைகள் ஓயவில்லை. மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். “அகலத் தட்டு வச்சா எலயும் தூளும் நெறயக் கொள்ளும் சாமி. ஆனா பொழுது சாயுறதுக்குள்ள கால் மரத்துப் போகும். அவவ மடிக்குத் தக்கனதான் தட்டு வைக்கணும்” என்றார். நம்மைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. தம் தொழிலைத்தான் சொன்னார். ஆனால் நமக்குச் சவுல் அரசனின் நினைவு வந்தது. அவன் நல்லெண்ணத்தோடுதான் தன் கவசத்தைச் சிறுவன் தாவீதுக்கு அணிவித்தான். தாவீது அதைப் போட்டு நடக்க இயலாது என்று வெளிப்படையாகக் கூறிக் கழற்றி வைத்தான். நம் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல நாம் இடங்கொடுக்கவில்லை.

உண்மையில், எடுத்துச் செல்லும் கணினி பிறந்த நாள்தொட்டே கண்ணுக்கும் தோளுக்கும் இந்த வழக்கு நடந்துவருகிறது. அவ்வகையில் வணிக வெற்றி கண்ட முதல் கணினி, 1981-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ஆஸ்பார்ன் 1’. அதை வெளியிட்ட ஆடம் ஆஸ்பார்ன் நம் தமிழ் மண்ணுக்கு அந்நியர் அல்லர். 1939-இல் பாங்காக்கில் பிறந்த அவர், இளமையில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன் ரமண மகரிஷியின் அடியவர். ஆடம் கண்மூடியதும் 2003-இல் நம் கொடைக்கானலில்தான். அவருடைய கணினி தையல் இயந்திரப் பெட்டி போலிருக்கும். எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலம் மட்டுமே. ஒரே பார்வையில் வரிக்கு 52 எழுத்துகள்தான் தெரியும். பெட்டியைக் கையில் தூக்கவேண்டும் என்பதற்காக அவர் கண்ணைச் சிரமப்படுத்தினார். அப்படியும் கை வலித்தது. ஆயினும் மக்கள் விரும்பி வாங்கினார்கள். மேசையை விட்டுப் புறப்படும் கணினி ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இன்று இரு தரப்பும் வெகுவாக நெருங்கிவிட்டன. ஆகவே கணக்கை நிதானமாகப் பார்ப்போம். திரையின் அளவு என்பது மூலைக்கு மூலை அளப்பது. 14-க்கும் 15.6-க்கும் வேறுபாடு ஒன்றரை அங்குலம் போலத் தோன்றினாலும், ஒரே வடிவமுடைய திரைகளானால் பரப்பளவில் பெரியது கால் பங்கு கூடுதல். ஆனால் சாதாரண விலையில் கிடைக்கும் கணினிகளில் இரண்டு திரைகளும் பெரும்பாலும் 1920-க்கு 1080 என்ற ஒரே புள்ளிக் கணக்கில் அமைந்தவை. அதனால் பெரிய திரையில் கூடுதலான வரிகள் தெரிவதில்லை. அதே வரிகள் பெரிதாகத் தெரிகின்றன. வெள்ளெழுத்துக்காரருக்கு அது வரம். பதினெட்டு வயதுக் கண்ணுக்கு அது அவ்வளவு பெரிய இலாபமன்று.

பெரியதற்கு வேறு நன்மைகளும் உண்டு. விசைப்பலகையின் வலப்புறம் எண் விசைகள் தனியே இருக்கும். கணக்கு எழுதுவோருக்கு அது பேருதவி. உடல் அகன்றிருப்பதால் சூடு தணியவும் இடமுண்டு. சிறியதன் நன்மையோ மூன்றே: பைக்குள் அடங்கும், தோளை இழுக்காது, வகுப்பறையின் குறுகிய பலகையில் குறிப்பேட்டுக்கும் இடம்விட்டு உட்காரும். இத்துடன் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சிறிய கணினியை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு ஒரு கம்பியால் இணைத்தால், அது பெரிய திரையாகிவிடும். பெரியதைப் பேருந்தில் சிறியதாக்க ஒரு வழியும் இல்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கான கணினிகளைக் கொள்முதல் செய்தது எல்காட் நிறுவனம். நம் கங்கைகொண்டானில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைத்ததும் அதே நிறுவனமே. இலட்சக்கணக்கானோர்க்கு வழங்கும்போது ஒவ்வொருவருடைய தோளையும் பையையும் பார்த்துக் கொடுக்க எந்த அரசாலும் இயலாது. ஆனால் ஒரு குடும்பம் தன் பிள்ளைக்கு வாங்கும்போதும், ஒரு பங்கு தன் மாணவிக்கு வாங்கும்போதும் அது இயலும். இயலுவதைச் செய்யாமல் விட்டதே நம் பிழை.

அந்தப் பிழையைத் திருத்த ஒரு வழி கிடைத்தது. பங்கு அலுவலகத்தில் 14 அங்குலக் கணினி ஒன்று இருந்தது. நாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதனோடு போராடிக்கொண்டிருந்தோம். பங்குப் பேரவையில் நடந்ததை அப்படியே கூறி, இசைவு பெற்று, இரண்டையும் மாற்றிக்கொண்டோம். சிறியது அவளோடு பேருந்தில் போயிற்று. தவறிய தாளையும் அடுத்த முறை அவள் எழுதித் தேறினாள். பெரியது நம் மேசையை விட்டு நகர்வதில்லை. ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படியெடுப்பதும், இக்கட்டுரையை எழுதுவதும் அதில்தான். இரண்டும் நல்ல கணினிகளே. அவை இருக்கவேண்டிய இடத்தில் இல்லாததுதான் குறையாக இருந்தது.

ஆகையால் இவ்வாண்டு கேட்க வந்த தகப்பனாரிடம் நாம் விடை கூறாமல், அவர் மகளிடம் சில கேள்விகள் கேட்டோம். நாள்தோறும் கொண்டுபோக வேண்டுமா? எந்தப் பேருந்து? நின்றுகொண்டா, உட்கார்ந்தா? எந்தப் பை? என்ன பாடம்? அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வணிகவியல் பாடம், எண் விசைகள் இருந்தால் நல்லது என்றாள். பிறகு சற்று யோசித்து, “எண் விசைப் பலகை தனியா சின்னதா விக்கிதாம் சாமி. வீட்டுல மாட்டிக்கிடலாம். எனக்குச் சின்னதே போதும்” என்றாள். தகப்பனாருக்கு முழு மனமில்லை. “நாளைக்குப் பெருசு வாங்கியிருக்கலாமேன்னு சொல்லக்கூடாது, பாத்துக்கோ” என்றார். அவள் சிரித்தாள்.

அன்பர்களே, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும்போது நாம் பெரும்பாலும் நம் கண்ணால் அளக்கிறோம். நம் ஆசையால் அளக்கிறோம். சில வேளைகளில் ஊரார் கண்ணாலும் அளக்கிறோம். சுமக்கப்போகும் தோளை ஒரு வார்த்தை கேட்பதில்லை. கடைக்குப் போகுமுன் அதைக் கேட்டுவிடுவோம். கேட்பதற்குக் காசு செலவில்லை. கேளாமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலையை மேலே எழுதியிருக்கிறோம். உண்மையில் அதைக் கொடுத்தவள், நம்மிடம் ஒன்றும் சொல்லாத அந்தப் பிள்ளை.