தூரி வீடெறோவும் எமது பெண்பிள்ளைகளும்

விமானச் சத்தம் கேட்டவுடன் வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் எம்மவர் பலரை இன்னும் விட்டுப் போகவில்லை. ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர்கள் நாம். ஆகவே வீட்டிலே ஒரு பெண்பிள்ளை "நான் பைலட்டாக வரப்போகிறேன்" என்றால் முதலில் எமது வயிறு கலங்குகிறது. அடுத்து, "டொக்டருக்கோ என்ஜினியருக்கோ படிக்கலாமே, இது என்ன விசர்க்கதை?" என்று கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்பதற்கு முன்னர், நாம் வாழும் இந்நாட்டில் பிறந்த ஒரு பெண்ணின் கதையை அறிந்துகொள்வது நல்லது.

வீடெறோ என்ற பெயர் எமக்குப் புதிதல்ல. 1980களின் பிற்பகுதியில் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எம்மவர்கள், அங்கிருந்து ஒஸ்லோவுக்கு வரும் வழியில் ஏறிய சின்ன விமானங்களில் எழுதியிருந்த பெயர் அது. காற்றில் அவை ஆடிய ஆட்டத்தில் முருகனையும் மாதாவையும் கூப்பிட்டவர்கள் எம்மில் உண்டு. அந்தக் கொம்பனியை 1934இல் ஒஸ்லோவில் தம்பி, நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவர் விக்கோ வீடெறோ. அவருடைய மகள்தான் தூரி. 1937இல் பிறந்தவர்.

தூரி முதலில் படித்தது புத்தக வடிவமைப்பு. அதன் பின்னரே விமானத்தின் பக்கம் திரும்பினார். 1965இல் தொழில்முறை விமானிக்குரிய உரிமத்தைப் பெற்று, வட நோர்வேயில் தகப்பனாரின் கொம்பனி விமானங்களை ஓட்டினார். 1968இல் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் அவரைப் பயிற்சிக்கு எடுத்தது. 1969இல் கொன்வெயர் விமானத்தில் துணை விமானியாக அமர்ந்தார். மேற்குலகின் பெரிய விமான நிறுவனமொன்றில் பயணிகள் விமானம் ஓட்டிய முதற் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. ஹார்மன் விருதும் கிடைத்தது. அவருடைய சீருடை இன்று அமெரிக்காவின் சிமித்சோனியன் வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் அவர் என்.ஆர்.கே. ஒலிபரப்பு நிறுவனத்திலும் வேலை செய்தார்.

"தகப்பனுக்கே கொம்பனி இருந்தால் யாருக்கும் முடியும்தானே" என்று சிலர் சொல்லக்கூடும். அதில் நியாயம் உண்டு. ஆனால் எஸ்.ஏ.எஸ். அவருடைய தகப்பனாரின் கொம்பனி அல்ல. நோர்வேயின் முதற் பெண் விமானியான டாக்னி பெர்கர் உரிமம் பெற்றது 1927இல். நார்விக்கைச் சேர்ந்த கிட்ஸ்கன் யாக்கொப்சன் 1929இல் பெற்றார். விமானம் ஓட்டத் தெரிந்த பெண்கள் அன்றே இருந்தார்கள். ஆனால் எஸ்.ஏ.எஸ்.இன் விமானி அறைக்குள் ஒரு பெண் போய் அமர, 1927இலிருந்து 42 ஆண்டுகள் பிடித்தன. பெண்களிடம் திறமை இருந்தது, கதவுதான் பூட்டியிருந்தது.

"இதெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சரி" என்பதும் பொருந்தாது. சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை 1951இல் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் உஷா சுந்தரமும் அவருடைய கணவர் கப்டன் சுந்தரமும். எமது அம்மம்மாமாரின் காலத்திலேயே நடந்த விடயம் இது.

தூரியின் வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டியது விருதுகளை மட்டுமல்ல. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றுக்கு அவரால் திரும்ப முடிந்தது. எம்மிடையே ஒரு பிள்ளை படிப்பை மாற்றினால் அது குடும்பத்துக்கு வந்த இழவுபோல ஆகிவிடுகிறது. ஆக்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை வேறு. பட்ட கஷ்டங்களுக்கெல்லாம் பிள்ளையின் பட்டத்தில் பலன் தேடுகிறோம். அது எமது ஆசை. பிள்ளை எமக்குப் பட்ட கடனல்ல.

ஆகவே அடுத்த முறை மகள் விமானி ஆகப் போகிறேன் என்றால், கணிதத்திலும் பௌதிகத்திலும் பெறுபேறு எப்படி என்று கேட்போம். பார்டுபொஸ்ஸில் துரொம்சோ பல்கலைக்கழகம் விமானிகளுக்கான பட்டப்படிப்பை நடத்துகிறது என்று சொல்லிக்கொடுப்போம். பிள்ளைகளுக்கு ஊரையும் மொழியையும் கொடுப்போம். பங்கருக்குள் இருந்த பயத்தை மட்டும் சீதனமாகக் கொடுக்க வேண்டாம்.