எலுமிச்சை பிழிந்த கல்

நான் சென்னைப் பல்லாவரத்துக்காரன். எங்கள் மலைக்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் அதே இனக் கல்தான்; அவர் பெயரால்தான் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயர் வந்தது. அந்தப் பெருமையோடு கோலாலம்பூர் அருகே பத்துமலையை அண்ணாந்து பார்த்தபோது, அதன் வயதான 42 கோடி ஆண்டு என்பது எனக்கு நேற்றாகத்தான் பட்டது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எதிரே இருந்த பெரியவரிடமும் அதைச் சொன்னேன். கட்டடம் எழுப்புமுன் மண்ணைத் துளைத்துப் பார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவராம். பேரனின் பள்ளிக்கூடத்தில் காட்ட எடுத்துப்போன உருளைக்கல்லை இலை ஓரத்தில் வைத்தார். வெண்சாம்பல் நிறம், கற்கண்டுப் பொடி போல மினுக்கம். சாவியால் சுரண்டி, உதிர்ந்த மாவில் எலுமிச்சையைப் பிழிந்தார். சாறு பொடிப்பொடியாய் நுரைத்தது.

"சுண்ணாம்புக்கல்லு தம்பி. பத்துமலையும் இதான், இந்த ஊருக்கு அடியில கிடக்கிறதும் இதான். மழத்தண்ணி கரைச்சுக் கரைச்சுப் பொந்தாக்கிடும். துளைக்கிறப்ப கம்பி திடீர்னு வெறுமையில இறங்கும், ஈரக்குலை நடுங்கிடும்."

கல்லின் வயதை எப்படிக் கண்டார்கள் என்று கேட்டேன்; விளக்கினார். கருங்கல்லில் சிர்கான் என்னும் கனிமத்தின் மணிகள் உண்டு. அவற்றில் யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளந்தால் போதும். சுண்ணாம்புக்கல்லோ கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது. அந்த ஓடுகளே அதற்குச் சாட்சி. ஆனால் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கீழிருந்து ஏறிய கருங்கல் குழம்பின் சூட்டில் இந்தக் கல் பளிங்காக மாறியது. ஓடுகளின் தடம் பெரும்பாலும் அழிந்தது. அங்கங்கே தப்பிய சிலவற்றை வைத்துத்தான் இது சிலூரியன் காலத்தது, அதாவது அந்த 42 கோடி ஆண்டு என்று கண்டார்கள்.

"உங்க ஊர்க் கல்லு எப்படி உண்டாச்சு?"

"பூமிக்குள்ளே வெகு ஆழத்துல, பெரிய சூட்டுல."

"ஓ. இது தின்னுச்சு, குஞ்சு பொரிச்சுச்சு, செத்துச்சு தம்பி."

அதற்குப் பிறகு வயதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. புளிப்பு பட்டால் இன்னும் கரையும் என்று சொல்லி, தன் குடிதண்ணீரை ஊற்றி அந்தக் கல்லைக் கழுவினார். வேட்டி முனையால் ஈரம் போகத் துடைத்தார்.